கற்பனை நாடு ஒன்றின் தனியார் தொலைக்காட்சிக்கு நம்பும்படியாக வரலாறு எழுதுவது எப்படி?

நாவலுக்காக ஒரு தீவு நாட்டை உருவாக்கியிருக்கிறீர்கள். அதில் விளம்பரக் காசில் ஓடும் ஒரு தொலைக்காட்சி வலையமைப்பு. பெயர், சின்னம், நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாம் தயார், ஆனால் வரலாறு உயிரில்லாமல் கிடக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ரீவியின் படம் தெரியாத ஊரில் இருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் பதில்.

பன்னிரண்டு வயதில் எனக்கும் இப்படி ஒரு நாடு இருந்தது. 1990களின் நடுப்பகுதி, எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடியில். ஒரு சீ.ஆர். கொப்பி முழுக்க அந்த நாடுதான். பெயர் வெண்மணல். அதன் ரீவிக்கு வெண்மணல் ஒளி என்று பெயர் வைத்து, அடிமட்டத்தால் கட்டம் போட்டு, காலை ஆறு மணியில் இருந்து நள்ளிரவு வரை நிகழ்ச்சி நிரல் எழுதியிருந்தேன். நடுப்பக்கத்தில் வரைபடம். தலைநகரில் ஒரு கோபுரம், அதைச் சுற்றிக் கவராயத்தால் பெரிய வட்டம்.

பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மாவின் மகன் கொக்கட்டிச்சோலையில் இருந்து வந்திருந்தார். எனக்கு அண்ணன் முறை, இரண்டு வயது மூத்தவர். அப்போது மண்முனையில் பாலம் இல்லை. வாவியைக் கடக்கப் 'பாதை'யில்தான் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். அண்ணன் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வரைபடம் வந்ததும் விரலை வைத்து, "இது எங்கட ஊரில தெரியுமா?" என்று கேட்டார்.

வெண்மணலில் அவருடைய ஊரே இல்லை. ஆனால் நான் வரைந்த நாட்டிலும் ஒரு வாவி இருந்தது, வாவிக்கு ஒரு அக்கரை இருந்தது. "அங்க கரண்ட் இல்லையே" என்றேன்.

"அப்ப எங்களுக்கு என்ன போடுவாய்?"

அண்ணனின் ஊர் இருக்கும் வாவியின் மேற்குக் கரையை நாங்கள் படுவான்கரை என்போம். அங்கே அப்போது ரேடியோ கேட்பதற்கே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து இரண்டு வயர் இழுப்பார்கள். கை ஓய்ந்தால் பாட்டும் இழுபடும். பெரியம்மா வீட்டில் நானும் சுற்றியிருக்கிறேன். அந்த ஊரை என் வட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு பேரும் அன்று பொழுதுபடும் வரை இருந்து யோசித்தோம். கடைசியில் சனிக்கிழமை நாடகத்தின் ஒலியை மட்டும் அதே நேரத்தில் ரேடியோவிலும் விடுவது என்று முடிவானது. அக்கரைக்காரர் நாடகத்தைக் கேட்பார்கள், இக்கரைக்காரர் பார்ப்பார்கள். அதனால் வசனம் எழுதுபவர் யார் உள்ளே வருகிறார் என்பதையும் பேச்சிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு மாற்றத்தோடு வெண்மணல் ஒளிக்கு வேறு எந்த ரீவியிலும் இல்லாத ஒரு பேச்சுமுறை வந்துவிட்டது. நான் தனியாக இருந்து கட்டம் போட்டிருந்தால் அது வந்திருக்காது.

சரி, உங்கள் நாட்டுக்கு வருவோம். முதலில் மலை எங்கே என்று பாருங்கள். தொலைக்காட்சி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். சமதரையில் 100 மீற்றர் கோபுரம் சுமார் 40 கிலோமீற்றர் எட்டும். அதையே 1,000 மீற்றர் மலையில் ஏற்றினால், இடையில் வேறு மலை மறைக்காவிட்டால் சுமார் 130. இலங்கையில் அரசின் ரீவியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியோடு தொடங்கியபோது பிதுருதலாகலையில் கோபுரம் வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த மலை 2,524 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. மட்டக்களப்பில் இருந்து பார்த்தால் அது தென்மேற்கே நேர்கோட்டில் 130 கிலோமீற்றர் அளவு. எங்கள் வீட்டில் கமுகந்தடியில் கட்டிய அன்ரனா மலைநாட்டுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காற்றடித்தால் ஒருவர் தடியைத் திருப்ப, ஒருவர் வாசலில் நிற்க, ஒருவர் ரீவிக்கு முன்னால் இருந்து "இப்ப சரி, இப்ப சரி, ஐயோ போயிற்று" என்று கத்த வேண்டும். உங்கள் கதைமாந்தர்களும் எந்தத் திசைக்குத் தடியைத் திருப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காசு. விளம்பரக்காரர் பார்வையாளருக்காகப் பணம் கொடுப்பதில்லை, வாங்கக்கூடிய பார்வையாளருக்காகக் கொடுக்கிறார். அதனால் தனியார் ரீவி சந்தை இருக்கும் இடத்துக்கு முதலில் போகும். பிரித்தானியாவில் விளம்பரக் காசில் ஓடும் ஐ.டி.வி. 1955 செப்டெம்பர் 22இல் லண்டனுக்கு மட்டும்தான் வந்தது. 1956 பெப்ரவரியில் மிட்லண்ட்ஸ், மே மாதத்தில் வட இங்கிலாந்து, பிறகுதான் மற்றப் பகுதிகள். பகுதிவாரியாகப் பல கம்பனிகள் நடத்தின. முதல் நாள் முதல் விளம்பரம் ஒரு பற்பசைக்கு. உங்கள் நாட்டில் முதல் விளம்பரம் எதற்கு? அந்த நாட்டில் எது உற்பத்தியாகிறது, யார் கையில் காசு புழங்குகிறது என்பது அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

வலையமைப்பு என்று சொல்கிறீர்கள், அப்படியானால் ஊருக்கு ஊர் படம் எப்படிப் போகிறது? இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் 1951 செப்டெம்பர் வரை கிழக்குக் கரையில் நடப்பதை மேற்குக் கரையில் அதே நேரத்தில் பார்க்க வழியில்லை. திரையில் ஓடும் நிகழ்ச்சியையே பிலிமில் பிடித்து அனுப்பினார்கள். நாட்கள் கழித்து மங்கலாக வரும். உங்கள் தீவில் ஒரு துறைமுக ஊருக்கு நாடகம் ஒரு வாரம் பிந்தி வருகிறது என்று வையுங்கள். தலைநகரில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் முடிவைச் சொல்லிவிடுவார் என்று அந்த ஊர் பயந்துகொண்டே இருக்கும். அதிலேயே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

அப்புறம் அரசாங்கம். எங்கள் நாட்டின் முதல் ரீவி அரசுடையது அல்ல, தனியார் தொடங்கியது. ஐ.டி.என்., தமிழில் சுயாதீன தொலைக்காட்சி, 1979 ஏப்ரல் 13, புத்தாண்டுக்கு முதல் நாள். கொழும்பைச் சுற்றி மட்டும்தான் தெரிந்தது. ஜூன் 5இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. தனியார் கையில் இருந்தது 53 நாட்கள். ஆனால் சுயாதீன என்ற பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. உங்கள் வலையமைப்பு முப்பது ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் இருந்தது என்றால் நம்புவது கடினம். இரண்டு மூன்று கை மாறட்டும்.

மொழியையும் விட்டுவிடாதீர்கள். ரூபவாஹினி ஒரே அலைவரிசையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் நேரத்தைப் பங்குபோட்டது. எங்கள் வீட்டில் தமிழ் நேரம் வரும்வரை விளங்காத மொழியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். தங்கச்சி சிங்களத்தில் சவர்க்கார விளம்பரம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தாள். 1998இல் சக்தி ரீவி தமிழுக்கென்றே வந்தபோது அது எங்களுக்குப் பெரிய விசயம். உங்கள் தீவில் இரண்டு மொழி இருந்தால் மாலை ஏழரை மணி எந்த மொழிக்கு என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்காக ஊர்வலமே நடக்கும்.

நட்சத்திரங்கள், சின்னம் மாறிய ஆண்டுகள், நிகழ்ச்சிப் பெயர்கள் எல்லாம் இதற்குப் பிறகு தானாக வரும்.

அண்ணன் விடுமுறை முடிந்து போகும் முன் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, தன் கையெழுத்தில் வெண்மணல் ஒளியின் வரலாற்றுக்கு ஒரு வரி சேர்த்தார். ஆண்டை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். "இந்த வருசம் அக்கரைக்குக் கரண்ட் வந்தது. அண்டைக்கு ராவு சனிக்கிழமை நாடகத்தில் பேசுகிறவர்களின் முகத்தை ஆட்கள் முதல் முறையாகப் பார்த்தார்கள்."