ஸ்லாப்பைத் தூக்கும் வேர்: தெருமரங்கள் பற்றிக் கேள்வி பதில்

சேலத்துத் தெருக்களில் மரம் நடுவதும், நிற்பதைப் பராமரிப்பதும், விழுந்ததை அறுத்து அகற்றுவதுமாக எனக்கு இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. சாக்கடை, ஓரக்கல், பிளாட்பாரம் இவற்றோடு மோதும் மரங்களைப் பற்றி இன்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விக்கு முன்பே இரண்டு விஷயம்: வேர் பக்கம் ஜேசிபியை விடாதீர்கள். அடிமரத்தில் ஆசிட் ஊற்றாதீர்கள்.

கேள்வி (அழகாபுரம்): சார், வாசலில் இருபத்தைந்து வயது வேப்பமரம். சாக்கடை மேல் போட்ட ஸ்லாப் இரண்டு, அரை அடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஓரக்கல்லும் ரோட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. வேர் ஏன் அங்கே போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தின் வேர் ஆழமாகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் படரும், ஏனென்றால் வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நம் ஊரிலோ செம்மண்ணைத் தாண்டினால் பல இடங்களில் சுக்கானும் பாறையும். ரோடு போட மண்ணை ரோலர் விட்டு இறுக்கிவிடுகிறோம். மிச்சமிருப்பது ஸ்லாப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள சின்ன இடுக்கு. இரவில் கான்கிரீட் குளிர்ந்து அதன் அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும், காற்றும் இருக்கும். வேர் அங்கே பென்சில் கனத்தில் நுழைகிறது. பத்து வருடத்தில் மணிக்கட்டு கனம் ஆகும்போது ஸ்லாப் எழும்புகிறது.

இனி செய்ய வேண்டியது. ஒரு கயிறு எடுத்து, உங்கள் நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அதே கயிற்றை மரத்தின் அடியிலிருந்து தரையில் நீட்டிப் பிடியுங்கள். சுற்றளவு என்பது விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், ஆகவே கயிறு காட்டுவது மரத்தின் தடிமனைப் போல மூன்று மடங்கு தூரம். அந்தக் கயிறு எட்டும் தூரத்துக்குள் இருக்கிற கனமான வேர்தான் மரத்தை நிறுத்திப் பிடித்திருக்கிறது, அதைத் தொடவே கூடாது. கயிற்றைத் தாண்டி ஒரு பக்கம் மட்டும், விரல் கனம், இரண்டு விரல் கனம் உள்ள வேரை அறுக்கலாம். கூரான ரம்பத்தால் ஒரே வெட்டாக அறுங்கள். கடப்பாரையால் குத்திப் பிய்த்தால் நார் நாராகக் கிழிந்து, அங்கிருந்து அழுகல் உள்ளே ஏறும்.

கயிற்றுக்குள் வேர் தடியாக இருந்தால் மாற்ற வேண்டியது கான்கிரீட்டைத்தான். ஸ்லாப்பை ஆள் வைத்துத் தூக்கி எடுத்துவிட்டு, வேருக்கு மேல் மூன்று அங்குலம் இடைவெளி இருக்கும்படி கம்பி கட்டிய புது ஸ்லாப்பைப் பாலம் போல இரண்டு பக்கமும் தாங்கலில் உட்கார வையுங்கள். ஓரக்கல்லை வேர் இருக்கும் இரண்டடிக்கு எடுத்துவிட்டு, லிண்டல் மாதிரி ஒரு குட்டைப் பீம் போதும். பிளாட்பாரத்தில் சிமெண்ட் பூச்சுக்குப் பதிலாக, சல்லிப் படுகை மேல் பேவர் பிளாக். மறுபடி எழும்பினால் நாலு கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்கலாம். எதிர்வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கயிற்றை நீட்டுங்கள், அவருக்கும் புரியும்.

கேள்வி (அன்னதானப்பட்டி): வீட்டுத் தென்னை மதில் ஓரமாக நிற்கிறது. பக்கத்துச் சாக்கடையை உடைக்குமா?

பதில்: தென்னை வேர் ஒரு அளவுக்கு மேல் தடிக்காது. ஸ்லாப்பைத் தூக்கும் வேலை அதற்கு வராது. காய் விழும் இடத்தை மட்டும் பாருங்கள்.

கேள்வி (கன்னங்குறிச்சி): சாக்கடைச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.

பதில்: பறவை எச்சத்தில் வந்த விதை. நாலு இலை விடும்போதே ஈரமான நாளில் வேரோடு பிடுங்குங்கள். தாமதமாகிவிட்டது என்றால் அந்த இடத்துப் பூச்சைக் கொத்தி, வேரை உள்வரை எடுத்து, புதுப் பூச்சு வைக்க வேண்டும். அரசை வணங்குகிறவர்கள் பலர், எனக்கும் அது பிரியமான மரம். குளக்கரையிலும் கோயில் திடலிலும் அது நிற்கட்டும், சாக்கடைச் சுவர் அதற்கு இடமில்லை.

கேள்வி (பேர்லேண்ட்ஸ்): ஐந்தடி பிளாட்பாரம். என்ன மரம் நடலாம்?

பதில்: மேலே மின்கம்பி போனால் மந்தாரை, சரக்கொன்றை. கம்பி இல்லையென்றால் மகிழம், மெதுவாக வரும், ஆனால் ஆயுள் அதிகம். தூங்குமூஞ்சியும், செம்மயில்கொன்றை என்கிற குல்மோகரும் அகலமான சாலைக்குத்தான். ஆல், அரசு, அத்தி தெருவுக்கே வேண்டாம். நாலுக்கு நாலு அடி மண் திறந்திருக்க வேண்டும்.

நடும்போது கறுப்புப் பையைக் கிழித்து எடுங்கள். பட்டுப்போன ஒரு கன்றைப் போன வருடம் பிடுங்கினேன். நட்டு ஆறு வருடம் ஆன கன்று அது. வேர்ப்பந்து பையின் வடிவத்திலேயே இருந்தது, வேர்கள் பிரிமணை போல ஒன்றை ஒன்று சுற்றி இறுகியிருந்தன, பிளாஸ்டிக்கின் மடிப்புகூடப் பதிந்திருந்தது. சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு நட்டிருந்தால் இன்று நிழல் தந்திருக்கும்.

கேள்வி (குகை): நான் முப்பது வருடம் சாக்கடை கட்டின மேஸ்திரி. நீங்கள் மரத்துக்கே பரிந்து பேசுகிறீர்கள். வேர் உள்ளே இறங்கி, பிளாஸ்டிக் கவரெல்லாம் அதில் சிக்கி, மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா? கொசு வேறு.

பதில்: மேஸ்திரி அண்ணா, நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் நல்ல கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வேர் போகாது. இணைப்பில் பூச்சு விட்டுப்போய் நீர் கசியும் இடத்தை அது தேடிப் பிடிக்கிறது. முடிபோல நுழைந்து, உள்ளே போய்க் கனத்து, விரிசலை அகலமாக்குகிறது. வேரை வெட்டிவிட்டு விரிசலை அப்படியே விட்டால் அடுத்த வருடம் இன்னொரு வேர் வரும்.

குகை மேஸ்திரி: இணைப்பைச் சரியாகப் பூச எனக்குத் தெரியாதா? எஸ்டிமேட்டில் மரத்துக்கு ஒரு வரி கிடையாது. முடித்த வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கில் நேர்க்கோட்டு மீட்டருக்குத்தான் பணம். மரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டினால் அந்தக் கூலியை யார் தருவார்கள்? அதனால்தான் எல்லோரும் வேரை வெட்டிவிட்டு நேராகப் போகிறார்கள்.

பதில்: இதைச் சொன்னதற்கு நன்றி. உண்மையான காரணமே இதுதான், என்னைப் போன்றவர்கள் வெளியே நின்று கத்துவதில் இது வருவதில்லை. வெட்டின வேருக்கு யார் விலை தருகிறார்கள் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு வைகாசிச் சூறைக்காற்றில் பெரிய புங்கன் ஒன்று ரோட்டில் விழுந்தது. மழை ஐந்து நிமிடம்கூடப் பெய்யவில்லை. குழியில் இறங்கிப் பார்த்தேன். சாக்கடைப் பக்கத்து வேர்கள் எல்லாம் நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் முடிந்திருந்தன. நுனி கறுத்து, விரலால் அழுத்தினால் ஊறிப்போன அட்டை போல அமுங்கியது. நாலு வருடம் முன்பு வடிகாலுக்குத் தோண்டிய கோடு அது. மேலே இலை பச்சைப்பசேல் என்று இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு ஆட்டோவின் முன்பக்கம் நசுங்கியது, ஓட்டுநர் அப்போது டீக்கடையில் இருந்தார்.

இடையில் ஒருவர் (செவ்வாய்ப்பேட்டை): இரண்டு பேரும் பேசுங்கள், ஆனால் நடக்கிறவர்களையும் நினையுங்கள். தூக்கின ஸ்லாப்பில் கால் தடுக்கி என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எழுபத்திரண்டு வயது. இன்றும் வாக்கர்தான்.

பதில்: அம்மாவின் வலிக்கு முன்னால் மரம் பெரிது என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கின ஸ்லாப் ஒரு நாள்கூட அப்படியே இருக்கக் கூடாது. நிரந்தர வேலை நடக்கும் வரைக்கும் இரண்டு பக்கமும் சரிவாகச் சிமெண்ட் பூசி, ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு மூட்டை சிமெண்டில் முடியும். தெருக்காரர்களே சேர்ந்து கேட்டால் நடக்கும்.

குகை மேஸ்திரி: சரி, அந்தப் பாலம் மாதிரி ஸ்லாப் நான் போட்டுத் தருவேன். ஆனால் பிளாட்பாரத்துக்கு அடியில் மண்ணை இறுக்காமல் விட்டால் உட்காரும், இறுக்கினால் வேர் மேலே வரும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இன்று வந்ததில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-களில் இதற்கென்றே ஒரு கலவை உருவாக்கினார்கள். ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு உடைகல், ஒரு பங்கு களிச்சத்துள்ள மண். ரோலர் விட்டு இறுக்கினாலும் கல்லோடு கல் முட்டிப் பாரம் தாங்கும், இடையில் உள்ள சந்தில் மண்ணும் காற்றும் தங்கும், வேர் அதில் ஆழமாக இறங்கும். சல்லிக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. ஒரே அளவுக் கல்லாக இருக்க வேண்டும், தூசி கலந்தால் சந்து அடைத்துவிடும். புதுப் பிளாட்பாரத்தில் பத்தடி நீளம் சேர்ந்து செய்து பார்ப்போமா?

குகை மேஸ்திரி: கல்லைப் பார்த்து எடுக்கிற வேலை என்னுடையது.

கேள்வி (சூரமங்கலம்): சின்னத் தெருவுக்கு எந்த மரம் நல்லது?

பதில்: பேர்லேண்ட்ஸ்காரருக்குச் சொன்னதேதான்.

கேள்வி (அம்மாப்பேட்டை): அடிமரத்தைச் சுற்றி அழகாக டைல்ஸ் மேடை கட்டியிருக்கிறோம். பிரச்சினை வருமா?

பதில்: வரும். தண்ணீர் உள்ளே இறங்காது, தண்டு பருக்க இடமிருக்காது. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. மேடையில் உட்காரத்தான் ஆசை என்றால் மரத்திலிருந்து தள்ளி ஒரு கல் பெஞ்சு போடுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை, வேறொருவர்): வேரில் மயில்துத்தம், ஆசிட் ஏதாவது ஊற்றினால் மெதுவாகப் பட்டுப்போகும் என்கிறார்களே?

பதில்: முதல் வரியிலேயே சொன்னேன். பட்டுப்போன மரம் நின்றுகொண்டேதான் இருக்கும், எந்தக் காற்றில் யார் மேல் விழும் என்று தெரியாது. ஊற்றியது போர்வெல் தண்ணீருக்கும் போகும். தெருமரம் உங்கள் வாசலில் நின்றாலும் உங்களுடையது இல்லை. அபாயமான மரம் என்றால் மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. போட்டோவும் அளவும் சேர்த்துக் கொடுத்தால் மனுவுக்கு மதிப்பு கூடும்.

கேள்வி (ஏற்காடு): எங்கள் காப்பித் தோட்டத்து ஓரம் சில்வர் ஓக் வேர் ரோட்டோரக் கால்வாயைத் தள்ளுகிறது. எடுத்துவிடலாமா?

பதில்: மலைச்சரிவு வேறு கணக்கு. அங்கே வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, எடுத்த அடுத்த மழைக்குச் சரிவே கால்வாயில் இறங்கலாம். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு, பட்டா நிலமாக இருந்தாலும் வனத்துறையிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். சரிவை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் எதுவும் சொல்வது சரியில்லை.

கேள்வி (லைன்மேடு): வேரை வெட்டப் போகிறோம், பாரம் குறையக் கிளையையும் மொட்டையடித்துவிடலாமா?

பதில்: கூடாது. வேர் இழந்த மரத்துக்குச் சோறு சமைப்பது இலைதான். காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள். வாரம் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): ஜேசிபி வைத்து ஒரே நாளில் வேரை…

பதில்: வேண்டாம். தயவுசெய்து மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (அழகாபுரம், முதலில் கேட்டவர்): கயிறு பிடித்துப் பார்த்தேன் சார். ஐந்தடி வந்தது. சாக்கடை மூன்றடியிலேயே இருக்கிறது. எதிர்வீட்டுக்காரரும் கூட வந்து நின்றார்.

பதில்: அப்படியென்றால் அந்தப் பக்கம் ஒரு வேரும் அறுக்க வேண்டாம். ஸ்லாப் இரண்டையும் எடுத்து, வேரின் கனத்தையும் சாக்கடைச் சுவரின் உயரத்தையும் அளந்து அனுப்புங்கள். பாலம் போட நம் மேஸ்திரி அண்ணா இருக்கிறார். வேர் வெளியே தெரிகிற நாளெல்லாம் ஈரச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள், வெயில் படக் கூடாது.