சலுகைக் கடன் வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் தனியார் துறை. மாதம் 3 இலட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. தெஹிவளையில் 1 கோடி 90 இலட்சத்துக்கு ஒரு பிளாட் பார்த்திருக்கிறோம். 90 இலட்சம் கையில் உண்டு, மிச்சம் வங்கிக் கடன். லண்டனில் ‘ஹெல்ப் டு பை’ திட்டத்தில் வீடு வாங்கிய அண்ணா, “இங்கேயும் அரசாங்கம் சலுகைக் கடன் தரும், பொறு” என்கிறார். பொறுக்கலாமா?

பதில்: சலுகைக்காக என்றால் வேண்டாம் தங்கச்சி.

அண்ணா சொன்ன திட்டம் இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை ஓடியது. புதிய வீட்டின் விலையில் 20 சதவீதம் வரை அரசு கடனாகக் கொடுத்தது. 2016 முதல் லண்டனில் 40. லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதன் விளைவைக் கணக்குப் பார்த்தார்கள். காணி தட்டுப்பாடான லண்டனில் வீடு பெருகவில்லை, விலைதான் ஏறியது. காணி கிடைக்கும் வேல்ஸ் எல்லைப் பக்கம் வீடுகள் கூடின, விலை ஏறவில்லை.

வெள்ளவத்தையும் தெஹிவளையும் இதில் எந்தப் பக்கம்? காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இனி ஒரு பேர்ச் காணியும் முளைக்கப் போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 20 வருடத்துக்கு 1 கோடி கடன். 12 சதவீத வட்டியென்றால் மாதத் தவணை சுமார் 110,000 ரூபாய். சலுகையாக 7 சதவீதமென்றால் 77,500. இதையே திருப்பிப் போட்டால், 77,500 கட்டக்கூடியவருக்கு 12 சதவீதத்தில் 70 இலட்சம்தான் கிடைக்கும், 7 சதவீதத்தில் 1 கோடி கிடைக்கும். அந்த 30 இலட்சம் உங்களுக்கு மட்டும் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதே பிளாட்டைப் பார்க்க வரும் பத்துப் பேருக்கும் கிடைத்தால், விற்பவர் விலையைக் கூட்டிச் சொல்வார். அவருக்கும் பத்திரிகை வருகிறதே!

சலுகை நிரந்தரமும் இல்லை. 2020 இறுதியில் மத்திய வங்கி, சம்பளக்காரருக்கான வீட்டுக் கடனுக்கு முதல் 5 வருடமும் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அதன் பிறகு சந்தை வட்டியோடு ஒரு சதவீதம் வரை கூட்டலாம். 2022 நெருக்கடியில் அந்தச் சந்தை வட்டி 25 சதவீதத்தையும் தாண்டியது. நல்ல காலம், அந்தக் கடன் எடுத்தவர்கள் அப்போது அந்த 5 வருடத்துக்குள் இருந்தார்கள். சலுகை முடியும்போது வட்டி 12 சதவீதமாக இருந்தால், 77,500 கட்டியவர் 103,500 கட்ட வேண்டிவரும்.

ஆகவே, வட்டி 15 சதவீதமானால் என்ன செய்வீர்கள் என்பதை இன்றே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். தவணை சுமார் 132,000 ஆகும். பிள்ளைகளின் டியூஷன் காசு, வீட்டுச் செலவு எல்லாம் போக அதைக் கட்ட முடியுமென்றால் வாங்கலாம். முடியாதென்றால் சின்ன பிளாட், அல்லது பிலியந்தலைப் பக்கம்.

ஒன்றுக்காக மட்டும் பொறுங்கள்: பத்திரச் செலவுக்கான காசு சேரும்வரை. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. உங்களுக்கு அது 759,000 ரூபாய் வரும். நொத்தாரிசின் கட்டணம் வேறு. 90 இலட்சத்தையும் விலைக்கே கொடுத்துவிட்டால் இதற்கு எங்கே போவீர்கள்? 10 வருடம் வேலை செய்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வீட்டுக்காக எடுக்கலாம்தான். ஆனால் அது முதுமைக்கான காசு, நானென்றால் கடைசியில்தான் தொடுவேன்.

முற்பணம் கொடுக்கும் முன், ஒவ்வொரு பிளாட்டையும் தனிச் சொத்தாகக் காட்டும் பதிவுசெய்த கூட்டாதன வரைபடத்தை (கொண்டோமினியம் பிளான்) கேளுங்கள். “பிறகு எடுத்துத் தருகிறோம்” என்றால் ஒரு சதமும் கொடுக்காமல் எழும்பி வாருங்கள்; அது இல்லாத பிளாட்டுக்கு எந்த வட்டியிலும் வங்கிக் கடன் எடுப்பது கஷ்டம்.