அம்மாவின் கடிதங்களை எழுதியவன்

நவீனத் தொழில்நுட்பத்தால் உறவினர்களுக்கு இடையிலான தகவல் தொடர்பில் ஏற்பட்ட பெரிய மாற்றம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் வேகத்தைச் சொல்வார்கள். என் அனுபவத்தில், நடுவில் நின்ற ஆள் விலகியதுதான் பெரிய மாற்றம். பத்து வயதிலிருந்து அந்த நடு ஆளாக நானே இருந்திருக்கிறேன்.

எங்களுடையது மும்பை தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீல நிற இன்லேண்ட் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த சித்திக்கு நான் எழுதுவேன். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, அனுப்புநர் முகவரியில் 400017 என்ற பின்கோடையும் எழுதி, மடித்து, ஓரத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டுவேன். சித்திக்கும் படிக்கத் தெரியாது. அங்கே தபால்காரர் படித்துக் காட்டுவார். மகனின் கையால் எழுதப்பட்டு, தபால்காரரின் வாயால் படிக்கப்படும் கடிதத்தில் ஒரு பெண் தன் தங்கையிடம் எதைத்தான் மனம் விட்டுச் சொல்ல முடியும்? பாதியில் நிறுத்திவிட்டு, "அது வேண்டாம்ல, எல்லாரும் சௌக்கியம்னு எழுது" என்பார் அம்மா. அவர் விழுங்கிய மீதிப் பாதிகள் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு, காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் எஸ்டிடி பூத்துகள் வந்தன. இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம்தான். ஆனால் ஊரில் போன் இருந்தது பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் மட்டும் என்பதால், அந்நேரத்தில் அவரை எழுப்ப முடியாது. மீட்டரில் ஏறும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி அம்மா நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். 2003இல் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமானபோதும், எங்கள் வீட்டின் ஒரே செல்போன் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதற்கு அடுத்த மாதம் வாட்ஸப்பில் குரல் செய்தி வசதி வந்தது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நடுங்கிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்ததை நான் பெரிதாகவே கருதுகிறேன். எழுத்தறியாதவரும் தம் செய்தியைத் தாமே அனுப்ப அந்த மைக் படம் ஒன்றே போதும். இப்போது அம்மா போனைத் தட்டு ஏந்துவதுபோல வாயருகே படுக்கை வசமாகப் பிடித்து, மைக்கை அழுத்திக்கொண்டு, சித்தியிடம் பேசுகிறார். நான் உள்ளே வந்தால் விரலை எடுத்துவிடுவார். முதல் முறை அப்படிச் செய்தபோது எனக்குச் சுருக்கென்றது. பிறகு, வாழ்வில் முதன்முதலாக அவருக்கென்று ஒரு கடிதம் கிடைத்திருப்பதை எண்ணி மகிழ்ந்தேன்.

ஒரு குறை உண்டு. பழைய இன்லேண்டுகள் டிரங்குப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. சென்ற ஆண்டு போனை மாற்றியபோதோ சித்தியின் இரண்டு ஆண்டுக் குரல் செய்திகள் அழிந்துவிட்டன. அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அதன்பின் வரும் குரல் செய்திகளை மாதம் ஒருமுறை வேறொரு மெமரி கார்டில் நகலெடுத்து வைக்கிறேன். எதையும் திறந்து கேட்பதில்லை.