பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு: யாரிடம் காட்டுவது?

குழந்தை பிறந்து ஏழு வாரமாகியும் மனைவி காரணமின்றி அழுகிறார், தானாகச் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் தொடங்கும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலான தாய்மார்களுக்கு இரண்டு வாரங்களுக்குள் தணிந்துவிடும்; அதைத் தாண்டியும் நீடித்தால் மனச்சோர்வா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிட வேண்டும். குறிப்பாக, தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கும் நேரத்திலும் தாய்க்குத் தூக்கம் வரவில்லையென்றால், அதைப் பிள்ளை பெற்ற களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தயங்காமல் சொல்லலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987-இல் வெளிவந்த எடின்பரோ வினாப்பட்டியலைக் கொண்டு அவர்கள் கேட்கக்கூடும். அதிலுள்ள 10 கேள்விகளில் கடைசியானது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அந்த எண்ணம் எப்போதாவது வந்ததாகச் சொன்னால்கூட உடனே கவனிக்க வேண்டும். தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மாத்திரை என்றதும் வீட்டுப் பெரியவர்கள் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. லேசான நிலையில் ஆலோசனைச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம்.

இரவு நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேன் என்று பேசினாலோ, இருவரையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.