வினைச்சொல்லுக்கு இரண்டாவது இலை

(கோத்தன்பர்க்கில் இருபது ஆண்டுகளாக மாலை வகுப்பில் ஸ்வீடிஷ் கற்பிக்கும் தமிழாசிரியை ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: கணவருக்கு ஸ்டாக்ஹோமில் வேலை. விசா வருவதற்குள் மொழியைப் பழகிக்கொண்டிருக்கிறேன். ‘இடாக் யாக் கொம்மர்’ (இன்று நான் வருகிறேன்) என்று எழுதினேன். ‘இடாக் கொம்மர் யாக்’ என்று எழுத வேண்டும் என்று செயலி திருத்துகிறது. ஏன் அம்மா இப்படித் தலைகீழாக? – வாசகி, தாம்பரம்

பதில்: ஸ்வீடிஷில் இது தலைகீழ் அல்ல. ஆங்கிலத்தின் வழியாகப் பார்ப்பதால் உங்களுக்கு அப்படித் தெரிகிறது. என் மாணவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஆங்கிலத்தைச் சற்று ஓரமாக வையுங்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடிஷின் சாதாரண வாக்கியத்தில் இரண்டாவது இலை வினைச்சொல்லுக்கு ஒதுக்கியது. அதில் வேறு யாரும் உட்கார முடியாது. முதல் இலையில் எழுவாய் உட்காரலாம், நேரம் உட்காரலாம், இடமோ செயப்படுபொருளோகூட உட்காரலாம். வேறொன்று முதல் இலையைப் பிடித்துவிட்டால், எழுவாய் வினையைத் தாண்டி மூன்றாவது இலைக்குப் போய்விடும். ‘டோகெட் கொம்மர் நூ’ என்றால் ரயில் இப்போது வருகிறது. அதையே ‘நூ கொம்மர் டோகெட்’ என்றும் சொல்லலாம்: இப்போது வருகிறது ரயில். நடைமேடையில் நின்று நாமும் இப்படிச் சொல்வதுண்டே! ‘வருகிறாயா?’ என்று கேட்கும்போது மட்டும் முதல் இலை காலி. வினையில்தான் கேள்வி தொடங்கும்: ‘கொம்மர் டு?’

ஒன்றைக் கவனியுங்கள். முதல் இலை என்றால் முதல் சொல் என்று பொருள் அல்ல. ‘மூன்றாம் மாடியில் குடியிருக்கும் என் பழைய நண்பர்’ என்பது எத்தனை சொல்லானாலும் ஒரே இலை. ‘நான் வீட்டுக்கு வரும்போது’ என்ற முழுத் தொடரும் ஒரே இலைதான்: ‘நேர் யாக் கொம்மர் ஹெம், ரிங்கர் யாக்’. வீட்டுக்கு வரும்போது அழைக்கிறேன். தொடர் முடிந்த கையோடு ‘ரிங்கர்’ வந்து இரண்டாவது இலையில் உட்கார்ந்துவிட்டது பாருங்கள். வாக்கியத்தை இப்படி இடம் இடமாகப் பிரித்துக் காட்டியவர் டென்மார்க்கின் இலக்கண அறிஞர் பவுல் டிடெரிக்சன். அவருடைய நூல் 1946இல் வந்தது. முதலிடத்துக்கு ‘ஃபுண்டமெண்ட்’, அதாவது அஸ்திவாரம், என்று பெயர். ஸ்வீடிஷ் இலக்கண நூல்களிலும் இன்று அந்தப் பெயர் உண்டு.

நேற்று, அங்கே, காலையில் என்று வாக்கியத்தைத் தொடங்குவது நமக்குப் பிறவிப் பழக்கம். ஸ்வீடன்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வினையை மட்டும் கடைசியிலிருந்து இழுத்துவந்து இரண்டாவது இலையில் உட்காரவையுங்கள்.

(‘யாக்’ என்பதன் கடைசி எழுத்து சாதாரணப் பேச்சில் விழுந்துவிடும், ‘யா’ என்றே காதில் கேட்கும்.)

கேள்வி: ‘இன்டெ’ என்றால் ‘இல்லை’. அது சில இடத்தில் வினைக்குப் பின்னும் சில இடத்தில் முன்னும் வருகிறது. எப்படி அடையாளம் காண்பது? – வாசகர், திருச்சி

பதில்: தனி வாக்கியத்தில் வினைக்குப் பின்: ‘ஹன் கொம்மர் இன்டெ’, அவன் வரமாட்டான். அதே வாக்கியம் இன்னொன்றுக்குள் அடங்கிவிட்டால் முன்: ‘யாக் வேட் அட் ஹன் இன்டெ கொம்மர்’, அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். நம் ‘என்று’ உள்வாக்கியத்தின் கடைசியில் நின்று கதவைச் சாத்துகிறது. அவர்களுடைய ‘அட்’ முதலில் நின்று கதவைத் திறக்கிறது. ‘அட்’ காதில் விழுந்ததும் ‘இன்டெ’யை வினைக்கு முன்னால் நகர்த்துங்கள். விதியைவிட இந்த ஒரு வாக்கியத்தை வாய்விட்டு ஐம்பது முறை சொல்வது பலன் தரும்.

கேள்வி: ‘சின்’, ‘ஹென்னெஸ்’ இரண்டுக்கும் ‘அவளுடைய’ என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே பயன்படுத்துவது? – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இதற்குப் பதில் எழுத எனக்கு அவ்வளவு ஆசை! ‘சின்’ என்பது நம்முடைய ‘தன்’. ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் இல்லாததால், ஆங்கிலம் வழியே படிப்பவர்கள் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். நமக்கோ அது தாய்மொழியிலேயே இருக்கிறது.

நானும் அதை உணராமல் இருந்த காலம் உண்டு. மகளுக்கு அப்போது நான்கு வயது. குளிர்காலத்தில் ஒரு மாலை அவளை அழைத்துவரப் பாலர் பள்ளிக்குப் போனேன். சட்டை மாட்டும் கொக்கியில் அவள் மேலங்கி இல்லை. ஆசிரியை தேடத் தொடங்கினார். மகள் அதை ஏற்கெனவே எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘ஹுன் டூக் ஹென்னெஸ் யக்கா’ என்றேன். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. மற்றக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனார். நான் சொன்னதன் பொருள், என் மகள் வேறொரு பெண்ணின் மேலங்கியை எடுத்துக்கொண்டாள் என்பது. ‘ஹுன் டூக் சின் யக்கா’ என்றிருக்க வேண்டும்: அவள் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டாள். அன்று இரவு ‘தன்’ என்ற சொல்லை எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது.

இரண்டு வேறுபாடுகளை மட்டும் நினைவில் வையுங்கள். ‘தன்’ மாறாது, ‘சின்’ உடைமைப் பொருளுக்கு ஏற்ப ‘சிட்’, ‘சீனா’ என்று மாறும். அடுத்தது, ‘சின்’ எழுவாய்க்குள் வராது. ‘அவரும் அவர் மனைவியும் வருகிறார்கள்’ என்பதில் ‘ஹன்ஸ்’ (அவருடைய)தான். திரும்பிப் பார்க்க எழுவாய் ஒன்று முன்பே இருந்தால்தான் ‘சின்’ வரும்.

கேள்வி: ‘என்’, ‘எட்’ என்று பெயர்ச்சொற்களை இரண்டாகப் பிரிக்க விதி உண்டா? – வாசகர், கோவை

பதில்: இரண்டுக்கும் ‘ஒரு’ என்றே பொருள், பெயர்ச்சொல்லைப் பொறுத்து இரண்டில் ஒன்று வரும். நம்பத்தக்க விதி இல்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ‘என்’ வகை. ஒவ்வொரு சொல்லையும் அதன் வாலோடு மனப்பாடம் செய்யுங்கள்: பீல் (கார்), பீலென் (அந்தக் கார்), ஹூஸ் (வீடு), ஹூசெட் (அந்த வீடு). ‘குழந்தை அழுகிறது’ என்று நாம் அஃறிணையில் சொல்வதுபோல அவர்களுக்கும் குழந்தை ‘எட்’ வகைதான். அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டினால் ‘பார்ன்’. ஆனால் ஸ்டாக்ஹோம் பக்கம் ரகரமும் னகரமும் சேர்ந்து ணகரமாகி ‘பாண்’ என்றே ஒலிக்கும். நாக்கை மடித்துச் சொல்ல நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்!

கேள்வி: வினைமுற்று நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ஒன்றேயா? – வாசகர், மதுரை

பதில்: ஆம், எல்லோருக்கும் ‘கொம்மர்’. முன்பு எழுத்தில் பன்மைக்குத் தனி வடிவம் இருந்தது. ‘வீ கொம்மா’, நாங்கள் வருகிறோம். 1945இல் அந்நாட்டுச் செய்தி நிறுவனமான டிடி அதைக் கைவிட்டது. இன்று அது பழைய நூல்களில்தான் தென்படும். வினையைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ள முடியாததால், நாம் ‘வருகிறேன்’ என்று விடுவதுபோல் எழுவாயை விட முடியாது.

கேள்வி: ‘கன்ஷெ ஹன் கொம்மர்’ (ஒருவேளை அவன் வருவான்) என்று படித்தேன். இரண்டாவது இலை விதி என்னவாயிற்று? – வாசகி, சேலம்

பதில்: கூர்மையாகப் படித்திருக்கிறீர்கள். ‘கன்ஷெ’ என்பது ‘கன்’, ‘ஷெ’ என்ற இரு வினைகள் ஒட்டிப் பிறந்த சொல். ‘நடக்கக்கூடும்’ என்று பொருள். உள்ளேயே ஒரு வினை ஒளிந்திருப்பதால் இந்தச் சலுகை. ‘கன்ஷெ கொம்மர் ஹன்’ என்றாலும் பிழையில்லை. தேர்வில் இதையே எழுதுங்கள்.