வன்னி வீதிக்கு எந்தச் சைக்கிள்? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: வார இறுதியில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று சுற்றிவர ரேசிங் சைக்கிள் ஒன்று வாங்க இருக்கிறேன். கடையில் 23 ரயர் பூட்டியதைக் காட்டி "இதுதான் ஓடும்" என்கிறார்கள். நம்பலாமா? (கிளிநொச்சி)

பதில்: ஏ9 காப்பெற் வீதியில் மட்டும் ஓடுவதென்றால் ஓடும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று குளத்துக்கும் போக வேண்டுமென்றால் எங்காவது கிறவலில் இறங்கத்தான் வேண்டும். ஏ9 இலும் பின்னால் பஸ் கோன் அடித்தால் தார் விளிம்பை விட்டு இறங்க வேண்டிவரும். அந்த விளிம்பில் 23 மில்லிமீற்றர் ரயர் அடிபட்டால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த தடம்போல இரட்டை ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காரணம் காற்றுக் குறைவு.

32 அகல ரயர் கேளுங்கள். 35 போகுமென்றால் இன்னும் நல்லது. 75 கிலோ எடையுள்ளவர் 32 ரயருக்கு முன்னால் 55, பின்னால் 60 பிஎஸ்ஐ அளவில் காற்றடித்தால் தாரிலும் கிறவலிலும் ஓடலாம். 23 ரயரென்றால் 95, 100 வரை அடிக்க வேண்டும், கிறவலில் கை விறைத்துவிடும். அகல ரயர் வேகத்தைக் கொன்றுவிடும் என்பது கடைப் பேச்சு. சொரசொரப்பான தாரில் இறுகிய ரயர் துள்ளித் துள்ளி உங்கள் பலத்தைத்தான் தின்னும்.

ஆனால் அகல ரயர் எல்லாச் சைக்கிளிலும் ஏறாது. றிம்மைப் பிடிக்கும் சாதாரண ரேசிங் பிரேக் பெரும்பாலும் 28 உடன் நின்றுவிடும். டிஸ்க் பிரேக் உள்ளதில் இடம் கூட. கடையிலேயே 4 மில்லிமீற்றர் அலன் சாவி ஒன்றை ரயருக்கும் பிறேமுக்கும் நடுவில் விட்டுப் பாருங்கள். முன் போக் (முன் சில்லைத் தாங்கும் கவை), பின் பக்கக் குழாய்கள், பிரேக்குக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் தட்டாமல் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சேறு ரயரில் அப்பி அந்த இடைவெளியைத்தான் அடைக்கும். இடைவெளி இல்லையென்றால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

கேள்வி: எனக்கு எத்தனை கியர் தேவை? மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்வர எண்ணம். (மல்லாவி)

பதில்: வன்னியில் மலை இல்லை. ஓமந்தை, புளியங்குளம் பக்கம் வீதி மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். இங்கே ஏற்றம் என்றால் காற்றுத்தான். மணிக்கு 20 கிலோமீற்றரில் நீங்கள் போக, எதிரே அதே வேகத்தில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடித்தால், காற்று உங்களைத் தடுக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே கியரின் எண்ணிக்கையைப் பார்க்காமல், ஆகக் குறைந்த கியர் எவ்வளவு இலகு என்று பாருங்கள். முன்னால் 34 பல்லும் பின்னால் 23 பல்லும் இருந்தால், நிமிடத்துக்கு 80 தரம் மிதித்து மணிக்கு 15 கிலோமீற்றர் போகலாம். அதே வேகத்துக்கு 44-க்கு 18 போட்ட ஒற்றைக் கியர் சைக்கிளில் நிமிடத்துக்கு 49 தரம்தான் மிதிப்பீர்கள், ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். முன்னால் 50, 34 பல்லில் இரண்டு சக்கரமும், பின்னால் 11 முதல் 28 பல் வரையும் இருந்தால் போதும். மலையகம் போகும் எண்ணமிருந்தால் பின்னால் 32 பல் வரை கேளுங்கள்.

மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு வழி ஒரு பக்கம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர், போவது கிழக்கு நோக்கி. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் முதுகில் தள்ள, காலையில் பறந்துபோய்விடுவீர்கள். திரும்பும்போது வெயிலும் காற்றும் முகத்தில். அந்த மாதங்களில் முடிந்தால் முல்லைத்தீவிலிருந்து விடிந்ததும் புறப்பட்டு, காற்று எழும்ப முன் மாங்குளம் வந்து, பிறகு காற்றோடு திரும்புங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. எவ்வளவு விலைகூடிய லைட் வாங்கினாலும் இருட்ட முன் வீடு வந்துவிடுங்கள். மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போகக்கூட வீதியை விட்டு இறங்க வேண்டாம்.

கேள்வி: யப்பானிலிருந்து வந்த பாவித்த சைக்கிள் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. ரயர் தேய்ந்திருக்கிறது, "27 ரயர் எங்கும் கிடைக்கும்" என்கிறார் கடைக்காரர். வேறு எதைப் பார்க்க வேண்டும்? (வவுனியா)

பதில்: முதலில் அந்த ரயரையே பாருங்கள். அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். ரயரின் பக்கத்தில் 37-630 அல்லது 28-622 என்று சின்ன எழுத்தில் இருக்கும். முன் எண் அகலம், பின் எண் றிம்மில் ரயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். யப்பானில் வீட்டுப் பாவனைக்கு ஓடும் சைக்கிள்களில் 27 அங்குலம் என்பது 630. ரேசிங் சைக்கிளின் 700 என்பது 622. எட்டு மில்லிமீற்றர்தானே என்று விட்டுவிட முடியாது. 622 ரயர் 630 றிம்மில் ஏறவே ஏறாது. 630 ரயர் 622 றிம்மில் இலகுவாக ஏறிவிடும், காற்றடித்தால் வெளியே தள்ளி வெடிக்கும். 26 அங்குலத்திலும் இதே குழப்பம்: மௌன்ரன் சைக்கிளில் 559, யப்பான் 26×1 3/8 இல் 590. எண்ணை எழுதிக்கொண்டு போய், வேறு இரண்டு கடையில் அதே எண்ணில் ரயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். கிடைக்காத ரயர் போட்ட சைக்கிள் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

அடுத்தது செயின். இரும்பு அடிமட்டத்தின் பூச்சியத்தை ஓர் ஊசியின் நடுவில் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னோர் ஊசியின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 1/8 தள்ளியிருந்தால் பின் பற்சக்கரமும் போய்விட்டது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சீற் குழாய் ஏறி இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரும்புப் பிறேமுக்குள் அலுமினியக் குழாய் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிப்போகும், வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் 'டக்' என்றால் பெயாரிங் தளர்வு, இறுக்கினால் சரிவரலாம். கழுத்துக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ற் மயிரிழைபோல வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வாருங்கள்.

கேள்வி: நெருஞ்சி முள்ளால் அடிக்கடி காற்றுப் போகிறது. ஒட்டுப்போட்டாலும் அடுத்த நாள் கழன்றுவிடுகிறது. (நெடுங்கேணி)

பதில்: ஒட்டு கழல்வது பெரும்பாலும் அவசரத்தால். ஓட்டையைச் சுற்றி, ஒட்டைவிடச் சற்றுப் பெரிதாக, பளபளப்புப் போய் மங்கும்வரை அரத்தாளால் தேயுங்கள். ரியூபின் நடுவில் ஓடும் மெல்லிய வரம்பையும் தேய்த்து மட்டமாக்க வேண்டும், அதற்கு அடியால்தான் காற்றுக் கசியும். சொலூசனை மெல்லியதாகப் பூசி ஐந்து நிமிடம் விடுங்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் அடியில் ஆவி அடைபட்டுக் கழலும். பிறகு நடுவிலிருந்து வெளியே பலமாக அழுத்துங்கள்.

ரியூபைத் திரும்பப் போட முன் ரயரின் உள்பக்கத்தைப் பழந்துணியால் சுற்றித் துடையுங்கள். முறிந்த முள் நுனி துணியில் இழுபடும். ஒரு தரம் திறந்த சொலூசன் குழாய் நம் வெயிலில் விரைவில் காய்ந்துவிடும், சின்னக் குழாயாக இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: புதுச் சைக்கிள் வாங்கி மூன்று கிழமையில் பிறேம் ஒட்டில் வெடிப்பு. "விற்றது விற்றதுதான்" என்கிறார்கள். பில் தரவில்லை. (புதுக்குடியிருப்பு)

பதில்: ஓடுவதை நிறுத்திவிட்டு வெடிப்பைப் படமெடுங்கள், பெடல் அச்சின் கீழே பொறித்திருக்கும் பிறேம் எண்ணையும் சேர்த்து. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்பவரின் கடமை, இப்போதும் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து விபரம் சொல்லுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுப்பது அந்த நாட்களைத்தான்.

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா தனது காபன் சைக்கிளைக் கொண்டுவந்து தரப்போகிறார். கூட என்ன கொண்டுவரச் சொல்ல? (முல்லைத்தீவு)

பதில்: புறப்பட முன் 28 ரயராவது அதில் ஏறுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் உங்களுக்கு அது தார் வீதிக்கு மட்டும்தான். ஏறுமென்றால், பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியக் காது இரண்டு அவசியம். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் வளைவது அதுதான். ஒவ்வொரு பிறேமுக்கும் அது வேறு, இங்கே தேடினாலும் பொருந்தாது. மெல்லிய வால்வு ரியூப் நான்கும், அந்த வால்வை மோட்டார் சைக்கிள் வால்வு அளவுக்கு மாற்றும் பித்தளை மூடி இரண்டும் வேண்டும். அந்த மூடி இருந்தால் எந்த ரயர்க் கடையிலும் காற்றடிக்கலாம். எண்ணெயில் வேலைசெய்யும் டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் கட்டை இரண்டு சோடியும், அதற்குரிய எண்ணெய் எதுவென்ற விபரமும் வேண்டும். மினரல் எண்ணெய் கேட்கும் பிரேக்கில் மோட்டார் சைக்கிள் பிரேக் எண்ணெய் விட்டால் உள்ளே இருக்கும் றப்பர் ஊதிப்போகும். முல்லைத்தீவுக் கடற்காற்றுக்கு அலுமினியத் திருகுகள் வெள்ளை பூத்து இறுகும், ஒரு சின்னப் பேணி கிறீசும் வாங்கி வையுங்கள். அது இங்கேயே கிடைக்கும், அண்ணாவின் பெட்டியில் அந்த இடத்துக்கு இன்னொரு செயின் வைக்கலாம்.