ஐம்பதைத் தாண்டிய ரெஸ்லர்கள் மெயின் ஈவென்ட்டில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?

"பழைய ஸ்டார்களை ஏன் திரும்பத் திரும்ப மெயின் ஈவென்ட்டில் இறக்குகிறார்கள்? அவர்களால் சண்டை போடவே முடியவில்லையே?" என்று கேட்டிருக்கிறீர்கள். (மெயின் ஈவென்ட் என்பது நிகழ்ச்சியின் முக்கிய மேட்ச்.) 2019 ஜூனில் சவூதியின் ஜெட்டாவில் நடந்த கோல்ட்பர்க், அண்டர்டேக்கர் என்ற இரண்டு பழைய ஸ்டார்களின் மேட்ச்சைப் பார்த்த சூட்டோடு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்த யாருக்கும் அந்தக் கேள்வி வரும். ஆனால் அந்த ஒன்றை வைத்து எல்லா மூத்தவர்களையும் எடை போட்டால் அது அநியாயம்.

ஏன் இறக்குகிறார்கள் என்பதற்குப் பதில் சின்னது. ரெஸ்லிங் பார்ப்பதை விட்டுவிட்டவர்களையும் அந்தப் பெயர் டிக்கெட் வாங்க வைக்கும். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான், யாரும் மறுக்கவில்லை. விழுவது மட்டும் நிஜம். ரிங் 20 அடிக்கு 20 அடி. கீழே இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், கேன்வாஸ், அவ்வளவே. இதில் மல்லாக்க விழுவதைத்தான் பம்ப் என்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மேல்முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும். மோவாய் கொஞ்சம் தூக்கிவிட்டால் பின்மண்டை அடி வாங்கும். இளைஞர் ஒருவர் ஒரு மேட்ச்சில் இருபது முப்பது பம்ப் எடுப்பார். ஐம்பது வயதுக்காரருக்கு நாலைந்துக்கு மேல் வைக்கவே கூடாது. மீதியை எதிரே இருப்பவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மூச்சு. ஜிம்மில் எவ்வளவு எடை தூக்கினாலும், கயிற்றில் மோதித் திரும்பி ஓடி, விழுந்து, உடனே எழுந்து இன்னொருவரைத் தூக்கும் மூச்சு ரிங்கில் பழகினால்தான் வரும். மூச்சு போனால் கைப்பிடி தளரும். பிடி தளர்ந்தால் தூக்கப்பட்டவரின் கழுத்துக்கு ஆபத்து. மூன்றாவது, எலும்போடு சதையை இணைக்கும் தசைநாண்கள். திடீர் விசை கொடுத்தால் வயதான உடம்பில் முதலில் கிழிவது இவைதான். 2002 ஜூலையில் கெவின் நாஷ் கைக் காயத்திலிருந்து மீண்டு ரிங்குக்கு வந்த அன்றே, நாலு எட்டு வைப்பதற்குள் தொடைத் தசை கிழிந்து விழுந்தார். கழுத்துக் காயத்தால் 2011-ல் ஓய்வு பெற்ற எட்ஜ் 2020 ஜனவரியில் திரும்பினார், ஜூனுக்குள் ட்ரைசெப்ஸ் (மேற்கையின் பின்பக்கத் தசை) கிழிந்தது. ராக்குக்கு 2013-ல் ரெஸில்மேனியா என்ற பெரிய ஆண்டு நிகழ்ச்சியில் ஜான் சீனாவோடு மோதும்போதே வயிற்றருகே கிழிந்தது.

இப்போது ஒரே ஆளின் இரண்டு மேட்ச்சைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 நவம்பர் 20, டொராண்டோ, சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சி. கோல்ட்பர்க்குக்கு 49 வயது, 2004-க்குப் பிறகு முதல் மேட்ச். எதிரே ப்ராக் லெஸ்னர். ஒரு தள்ளு, லெஸ்னர் கீழே விழுகிறார். எழுந்ததும் ஒரு ஸ்பியர் (ஓடி வந்து தோளால் வயிற்றில் மோதிச் சாய்ப்பது), இன்னொரு ஸ்பியர், ஒரு ஜாக்ஹாமர் (தலைகீழாகத் தூக்கிப் போடுவது, விவரம் கீழே). 1 நிமிடம் 26 விநாடியில் முடிந்தது. கோல்ட்பர்க் எடுத்த பம்ப் பூஜ்யம். விழுந்ததெல்லாம் லெஸ்னர். "ஏமாற்றிவிட்டார்கள்" என்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். எனக்கு அது அந்த உடம்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. அவருடைய பழைய மேட்ச்களே இரண்டு மூன்று நிமிடம்தான், ரசிகர்கள் ஞாபகம் வைத்திருந்ததும் அதைத்தான்.

ஜெட்டாவில் இதற்கு நேர்மாறாக எல்லாம் செய்தார்கள். ஜூன் மாத வெக்கை, திறந்தவெளி மைதானம். ஒருவருக்கு 52, இன்னொருவருக்கு 54. இவர்களுக்காக விழுந்து கொடுக்க இளையவர் யாரும் ரிங்கில் இல்லை. அதற்கு முன் இருவரும் ஒருமுறைகூட தனி மேட்ச்சில் மோதியதில்லை, ஒருவர் உடம்பின் வேகம் இன்னொருவருக்குத் தெரியாது. ஒன்றரை நிமிட ஆளான கோல்ட்பர்க்கை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நிறுத்தினார்கள். நடுவில் கோல்ட்பர்க் மூலையில் ஸ்பியருக்குப் பாய, அண்டர்டேக்கர் விலக, தலை இரும்புத் தூணில் மோதியது. தானே தன்னை மயங்கடித்துக்கொண்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஜாக்ஹாமர். எதிராளியின் தலையைக் கக்கத்தில் பூட்டி, இடுப்பு உடுப்பைப் பிடித்து, தலைகீழாக நேரே தூக்கி நிறுத்தி, அப்படியே திருப்பித் தன் உடம்போடு சேர்த்துப் போட வேண்டும். தூக்கப்படுபவர் காலால் உந்தி எழும்பிக் கொடுத்தால்தான் பாதி எடை குறையும். உந்தும் கால் களைத்திருக்கிறது, தூக்கும் தலை கலங்கியிருக்கிறது, அண்டர்டேக்கருக்கு அறிவிப்பில் சொல்லும் எடையோ 309 பவுண்டு, அதாவது 140 கிலோ. பாதியில் பிடி விட்டது. அண்டர்டேக்கர் கழுத்துப் பக்கம் இறங்கினார். கொஞ்சம் பிசகியிருந்தால் அன்றோடு நடமாட்டமே போயிருக்கும். அடுத்து, ஆளைத் தலைகீழாகப் பிடித்து மண்டியிட்டு இறக்கும் டூம்ஸ்டோன் முயற்சியிலும் இருவரும் சேர்ந்து சரிந்தார்கள். தலையில் அடிபட்ட கணமே, யாரையும் தூக்கத் தேவையில்லாத ஒரு மாற்று முடிவுக்குப் போயிருக்க வேண்டும். மூத்தவர் மேட்ச் என்றால் அப்படி ஒன்றைப் பேசி வைக்காமல் ரிங்குக்குள் போகவே கூடாது.

ஒரே மாதம் கழித்து, ஜூலை 14 அன்று ஃபிலடெல்ஃபியாவில், அதே அண்டர்டேக்கரை இளையவரான ரோமன் ரெய்ன்ஸோடு டேக் டீமாக, அதாவது ஜோடியாக இறக்கினார்கள். ஓட்டமும் விழுதலும் ரெய்ன்ஸுக்கு, முக்கியமான அடிகள் மட்டும் இவருக்கு. ஆளே மாறியதுபோல் இருந்தது. ஸ்டிங் என்ற மூத்தவர் இதே வழியில்தான் ஏஇடபிள்யூ என்ற ரெஸ்லிங் நிறுவனத்தில் 2021 முதல் 2024 மார்ச் 3 வரை ஒரு மேட்ச்சிலும் தோற்காமல் தாண்டினார். பக்கத்தில் ஜோடியாக இளையவர் டார்பி ஆலன் இருந்தார். கிரீன்ஸ்பரோவில் நடந்த கடைசி மேட்ச்சில்கூட ஏணியிலிருந்து கண்ணாடிமேல் குதித்து முதுகைக் கிழித்துக்கொண்டது டார்பிதான். ஸ்டிங்குக்கு அப்போது வயது 64.

ஸ்டோன் கோல்ட் என்ற இன்னொரு பழைய ஸ்டார் 2022-ல் திரும்பியபோது வேறு வழி. எந்த விதியும் கிடையாது என்று அறிவித்துவிட்டால் கூட்டத்துக்குள் நடந்தபடியே சண்டை போடலாம், நடக்கும்போது மூச்சை மீட்கலாம். எதிரே நின்ற கெவின் ஓவன்ஸ் பெரும்பாலான அடியைத் தாங்கிக்கொண்டார்.

ஓவன்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 188 நாள் யுனிவர்சல் சாம்பியன் பட்டம் வைத்திருந்தவரை 2017 மார்ச்சில் 22 விநாடியில் கோல்ட்பர்க்கிடம் தோற்க வைத்தார்கள். 2020-ல் அந்தப் பட்டத்தை வைத்திருந்த ப்ரே வயட்டுக்கும் அதே கதி. மூத்தவருக்கு மெயின் ஈவென்ட் கொடுங்கள், பட்டத்தைக் கொடுக்காதீர்கள். 2016 லெஸ்னர் மேட்ச்சில் பட்டமே இல்லை, யாருக்காவது குறையாகத் தெரிந்ததா? நான் கோல்ட்பர்க்கின் எதிரி அல்ல, மேலே எழுதியதைப் படித்தாலே தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் வருத்தமாக இருக்கிறது: இந்த மேட்ச்களைக் காப்பாற்றும் ரெஃப்ரியின் பெயரை யாரும் கேட்பதில்லை. காதில் கருவியோடு நேரத்தைச் சொல்வது அவர்தான். விழுந்தவரின் கையை அழுத்திப் பார்த்து, திரும்ப அழுத்தினால் நினைவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், இல்லையென்றால் இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகக் காட்டி மருத்துவரை அழைப்பதும் அவர்தான்.

கோல்ட்பர்க்கின் கடைசி மேட்ச்சைத் தேடிப் பாருங்கள். 2025 ஜூலை 12, அட்லாண்டா, வயது 58, எதிரே குந்தர். குந்தர் அவருடைய முழங்காலையே குறிவைத்து அடித்தார். அதனால் நொண்டியதும் மெதுவாக எழுந்ததும் கதையோடு பொருந்திவிட்டது. முடிவுக்குக் கழுத்தை வளைத்து மயங்க வைக்கும் ஸ்லீப்பர் பிடி. அந்த முடிவுக்கு யாரையும் தூக்க வேண்டியதில்லை. கண்கள் செருக அவர் சரிந்தார், ரெஃப்ரி மணியடிக்கச் சொன்னார்.